‘கன்வெர்ட்டர் போச்சு’ என்று சொல்லும் முன்

கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில் எங்காவது ஒரு மனைக்கு மண் நிரவிக்கொண்டு ஜேசிபி ஒன்று நிற்கும். முன்வாளியை மணற்குவியலில் குத்திவிட்டு டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். என்ஜின் உறுமும், சக்கரம் அசையாது. ஆனால் என்ஜின் அணைந்தும் போகாது. இதே வேலையைக் கிளட்ச் வைத்த டிராக்டரில் செய்து பார்த்தால், ஒன்று என்ஜின் திணறி நின்றுவிடும், இல்லையென்றால் கிளட்ச் பிளேட் கருகும் வாடை தெருவைக் கூட்டும். ஜேசிபியில் இரண்டும் நடப்பதில்லை. குவியல் கொஞ்சம் இளகியதும் வண்டி ஒன்றும் நடக்காததுபோல முன்னே நகரும்.

என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே அங்கே இரும்பை இரும்பு பிடிக்கவில்லை. எண்ணெய்தான் சக்தியைக் கடத்துகிறது. அந்த எண்ணெயை அடைத்து வைத்திருக்கும் பூசணிக்காய் வடிவப் பெட்டிதான் டார்க் கன்வெர்ட்டர். பட்டறைப் பேச்சில் வெறும் ‘கன்வெர்ட்டர்’. பக்கத்தில் சங்கிலிச் சக்கரத்தில் ஊரும் பொக்லைனில் இது கிடையாது, அதை நகர்த்துவது ஹைட்ராலிக் மோட்டார். ஊர்ப்பேச்சில் இரண்டும் ‘ஜேசிபி’தான் என்பது வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அதே பெட்டி வேறு வேடத்தில் வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி மாமல்லபுரம் பக்கம் பறக்கும் ஜெர்மன் கார்கள் பலவற்றின் வயிற்றில் இருப்பதும் கன்வெர்ட்டர்தான். அந்தக் கார்களுக்குச் செங்கல்பட்டு மாவட்டம் அந்நிய மண்ணும் அல்ல. சிங்கப்பெருமாள் கோவிலை ஒட்டிய மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பிஎம்டபிள்யூ தன் தொழிற்சாலையைத் திறந்தது 2007 மார்ச் மாதத்தில். உள்நாட்டுப் பாகங்களின் பங்கைப் பாதி அளவுக்கு உயர்த்தப் போவதாக 2015 வாக்கில் அந்த நிறுவனம் அறிவித்தபோது, என்ஜினையும் கியர்பாக்ஸையும் பூட்டிக் கொடுக்கும் பொறுப்பு ஃபோர்ஸ் மோட்டார்ஸுக்குப் போனது. அந்தச் சமயத்தில் சச்சின் டெண்டுல்கரே வந்து இங்கே ஒரு காரைப் பூட்டிக் காட்டினார். கொஞ்சம் வடக்கே மறைமலை நகரில் ஃபோர்டு கடைசி ஆண்டுகளில் கட்டிய எண்டெவரில் பத்து கியர் ஆட்டோமேட்டிக். மேற்கே ஒரகடத்தில் பஸ்ஸுக்கும் டிப்பருக்கும் கன்வெர்ட்டர் வைத்த கியர்பாக்ஸ் செய்யும் ஆலிசன் நிறுவனம் 2010 முதல் இருக்கிறது. ஆகவே கோவளத்தில் நின்றுகொண்டு கன்வெர்ட்டரைப் பற்றிப் பேசுவது ஊருக்குச் சம்பந்தமில்லாத பேச்சில்லை.

இந்தப் பெட்டியின் சங்கடம் என்னவென்றால், இது மூடிப் பற்றவைத்த பெட்டி. போல்ட் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. கியர்பாக்ஸைத் திறந்தால் பிளேட் தேய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். கன்வெர்ட்டரைப் பார்க்க வேண்டுமென்றால் லேத்தில் ஏற்றி வெட்டத்தான் வேண்டும். பார்க்க முடியாத பொருள்மீது பழி போடுவது சுலபம். பெட்ரோலோ டீசலோ, ஆட்டோமேட்டிக் வண்டி இழுக்கவில்லை என்றதும் வரும் முதல் தீர்ப்பு, “கன்வெர்ட்டர் போச்சு சார்.” அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பாதிதான் சரி. கன்வெர்ட்டர் போயிருக்கலாம். ஆனால் அது தானாகச் சாவது அபூர்வம். கொன்றது எது என்று கேட்காமல் புதிதை மாட்டினால், அதே கை அதையும் கொல்லும்.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளக் கோவளம் கடற்கரையே போதும். அலைச்சறுக்கு பழகும் பையன்கள் அலை தள்ளும் திசையில் பலகையை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். என்ஜினோடு சேர்ந்து சுற்றும் பக்கத்துக்கு இம்பெல்லர் என்று பெயர். அது எண்ணெயை அலையாக வீசுகிறது. எதிரே இருக்கும் டர்பைன் அந்த அலையை வாங்கிக்கொண்டு சுற்றுகிறது. அதன் தண்டு கியர்பாக்ஸுக்குள் போகிறது. இதுவரை எளிது. ஆனால் கரையில் மோதிய தண்ணீர் திரும்ப வாங்கும்போது, அடுத்து வரும் அலையை எதிர்த்து அடித்து அதன் வேகத்தைக் குறைக்கும் அல்லவா? பெட்டிக்குள்ளும் அதே தொல்லை உண்டு. டர்பைனில் அடித்துத் திரும்பும் எண்ணெய் இம்பெல்லரை எதிர்த்து வரும். நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் அந்தத் திரும்பு அலையை மடக்கி, இம்பெல்லருக்குப் பின்னாலிருந்து தள்ளும்படி திருப்பிவிடுகிறது. என்ஜின் கொடுக்கும் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகச் சக்கரப் பக்கம் போவது இந்த ஒரு திருப்பத்தால்தான். ஜேசிபி மணலைப் பிளப்பதும் கார் சிக்னலில் சீறிக் கிளம்புவதும் இதன் புண்ணியம்.

வேகம் ஏற ஏற இந்தப் பெருக்கம் குறைந்துகொண்டே வரும். டர்பைன் இம்பெல்லரின் வேகத்தில் எண்பத்தைந்து, தொண்ணூறு சதவீதத்தை எட்டும்போது பெருக்கம் முழுக்க நின்றுபோகும். அப்போது ஸ்டேட்டர் வழியில் நிற்காமல் தானும் கூடச் சுற்ற வேண்டும். அதற்காக அதன் நடுவில் ஒரு பக்கம் மட்டும் சுற்றும் கிளட்ச் இருக்கிறது, சைக்கிளின் ஃப்ரீவீல் மாதிரி. பிறகு வழுக்கலே வேண்டாம் என்று லாக்-அப் கிளட்ச் வந்து இரண்டு பக்கத்தையும் கவ்விக்கொள்ளும். 1949-இல் பேக்கார்டு என்ற அமெரிக்கக் கம்பெனி காருக்குள் கொண்டுவந்த லாக்-அப், இன்றைக்கு இந்தப் பெட்டியில் அதிகம் உழைக்கும் உறுப்பு. அதிகம் சாவதும் அதுதான்.

இந்தக் கருவி பிறந்ததே கடலுக்காக என்பது கோவளத்துக்காரர்களுக்குப் பிடிக்கும். ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் ஷ்டெட்டின் துறைமுகத்தில் வல்கன் கப்பல்கட்டும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நீராவி டர்பைன் வேகமாகச் சுற்றினால்தான் லாபம், கப்பலின் விசிறியோ மெதுவாகச் சுற்றினால்தான் லாபம். இரண்டையும் இணைக்க அவர் 1905-இல் காப்புரிமை வாங்கிய யோசனைதான் இது. முதலில் உள்ளே ஓடியது எண்ணெய் அல்ல, தண்ணீர். கப்பல்களில் பிற்பாடு பல்சக்கரமே ஜெயித்தது. இவருடைய பெட்டி கரையேறி ரயிலுக்கும் காருக்கும் போனது.

ரயில் என்றதும் நம் நாட்டுக்காரர் ஒருவரையும் சொல்லிவிட வேண்டும். மன் மோகன் சூரி. டீசல் ரயில் என்ஜினுக்காக, குறைந்த வேகத்தில் கன்வெர்ட்டர் வழியாகவும் அதிக வேகத்தில் அதை விலக்கியும் சக்தியைக் கடத்தும் ஒரு முறையை வகுத்தார். அதற்கு ‘சூரி டிரான்ஸ்மிஷன்’ என்றே பெயர். 1961-இல் பத்மஸ்ரீ, அடுத்த ஆண்டே பட்நாகர் விருது. துர்காபூரில் மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தவர். எண்ணெய் வழுக்கலில் வீணாகும் சக்தி அவரை உறுத்தியது. இன்றைய லாக்-அப் கிளட்ச் தீர்ப்பதும் அதே உறுத்தலைத்தான்.

சரி, நல்ல கன்வெர்ட்டரை எப்படி அறிவது? அதிலும் வேகப் பிரியர்கள் வாங்கும் ‘பெர்ஃபாமன்ஸ்’ கன்வெர்ட்டரை?

பெட்டிமேல் ‘ஸ்டால் 2800’ என்று அச்சிட்டிருப்பார்கள். ஸ்டால் என்றால் நம் ஊரில் வண்டி அணைந்துபோவது. இங்கே அர்த்தம் நேர் எதிர். சக்கரத்தைக் கட்டிப்போட்டு முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் என்ஜின் அதற்குமேல் ஏற முடியாமல் நிற்கும் சுற்று வேகம். மணலில் முட்டி நிற்கும் ஜேசிபி இருப்பது ஸ்டாலில். இந்த எண்ணைக் கன்வெர்ட்டரின் சொந்தக் குணம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. அது என்ஜினையும் பொறுத்தது. என்ஜினின் முறுக்குவிசை முப்பது சதவீதம் ஏறினால் அதே பெட்டியின் ஸ்டால் ஏறக்குறைய பதினான்கு சதவீதம் ஏறும், ஏனென்றால் இங்கே வர்க்கமூலக் கணக்கு. பெரிய அமெரிக்க வி-8 என்ஜினில் 2800 காட்டிய பெட்டி சின்ன என்ஜினில் அந்த எண்ணைக் கனவிலும் எட்டாது. எந்த என்ஜினில், எத்தனை நியூட்டன் மீட்டரில் அளந்தது என்று சொல்லாத எண் வெறும் அலங்காரம்.

அளவும் அப்படித்தான் ஏமாற்றும். பெட்டி எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கிக் கடத்தும் என்பது அதன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் போகிறது. விட்டத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் கடத்தும் திறன் ஏறக்குறைய அறுபது சதவீதத்துக்கு இறங்கும், ஸ்டால் முப்பது சதவீதம் ஏறும். அதனால்தான் பந்தயக் கன்வெர்ட்டர்கள் பார்க்கச் சின்னதாக இருக்கும். பார்த்தவர்கள் “இவ்வளவுதானா?” என்பார்கள். கனமானது உசத்தி என்ற கணக்கு அம்மிக்கல்லுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

தரம் ஒளிந்திருப்பது வேறு இடங்களில். சாதாரணக் காரின் கன்வெர்ட்டரில் இறகுகள் ஒவ்வொன்றும் ஓட்டில் உள்ள வெட்டுக்குள் காதை நுழைத்து மடக்கி விடப்பட்டிருக்கும். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் அது போதும். முறுக்குவிசை கூடினால் இறகு ஆட ஆரம்பிக்கும், பிறகு சாயும். நல்ல பெர்ஃபாமன்ஸ் பெட்டியில் இறகுகளை உலையில் வைத்துத் தாமிரப் பற்றாசு ஓடவிட்டு ஓட்டோடு ஒட்டியிருப்பார்கள். ஸ்டேட்டரின் ஒருவழிக் கிளட்சில் உருளைகளும், அவை ஓடும் வளையத்தின் கடினமும் எப்படி என்பது அடுத்தது. மூன்றாவது, உள்ளே எங்கே வெறும் வாஷர், எங்கே ஊசி பேரிங் என்பது. இந்த மூன்றையும் வெளியிலிருந்து பார்க்க முடியாது. விற்பவர் வாயால்தான் கேட்க வேண்டும். பதில் சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்.

வெளியிலிருந்து பார்க்க முடிந்தவையும் சில உண்டு. இரண்டு ஓடுகளும் சேரும் பற்றவைப்புக் கோடு சீராகச் சுற்றி வருகிறதா, தொடங்கி நிறுத்திய திட்டுகள் தெரிகின்றனவா. பின்பக்கக் குழாய்க் கழுத்து வழுவழுப்பாக இருக்கிறதா, ஆயில் சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுகிறதா. கழுத்து நீலம் பாரித்திருந்தால் அது ஒருமுறை கொதித்த பெட்டி. உள்ளே இரண்டு விரலை விட்டு ஸ்டேட்டரின் பல்லைத் திருப்பினால் ஒரு பக்கம் தாராளமாகச் சுற்ற வேண்டும், மறுபக்கம் ‘டக்’கென்று பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுற்றினாலும் இரண்டு பக்கமும் பிடித்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இந்த ஸ்டேட்டர் கெடும்போது காட்டும் குணங்கள் வேடிக்கையானவை. இரண்டு பக்கமும் வழுக்கினால் திரும்பு அலையை மடக்க ஆளில்லை. வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்ப முக்கும், மாமல்லபுரம் சாலையில் ஒருமுறை வேகமெடுத்துவிட்டால் ஒழுங்காக ஓடும். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டால் தலைகீழ். கிளம்புவது அருமை. அறுபது, எழுபதுக்கு மேல் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருக்கும், எண்ணெய் கொதிக்கும். முதல் நோயை ‘பிக்கப் இல்லை’ என்று சொல்லி டீசல் பில்டரையும் டர்போவையும் மாற்றிக் காசைக் கரைத்தவர்கள் உண்டு. இரண்டாம் நோயைச் சைலன்ஸர் அடைப்பு என்று நினைப்பதும் உண்டு.

பழைய பட்டறைகளில் இதற்கு ஒரு சோதனை இருந்தது. பிரேக்கை அழுத்திக்கொண்டு டி-யில் போட்டு முழு ஆக்ஸிலேட்டர். ஸ்டால் எண் புத்தகத்தில் உள்ளதைவிட மிகவும் குறைந்தால் ஸ்டேட்டரையோ என்ஜின் சக்தியையோ சந்தேகிக்கலாம். கூடினால் கியர்பாக்ஸுக்குள் பிளேட் வழுக்குகிறது. அழகான சோதனை, ஆனால் ஐந்து விநாடிக்கு மேல் செய்யக் கூடாது. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 400 நியூட்டன் மீட்டர் கொடுக்கும் டீசல் என்ஜின் 2400 சுற்றில் ஸ்டாலில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 100 கிலோவாட். சக்கரம் நகரவில்லை, ஆகவே அவ்வளவும் எண்ணெயில் சூடாகத்தான் இறங்க வேண்டும். சமையலறை மின்கெட்டில்கள் அறுபதுக்கும் மேல் சேர்ந்து ஒரு பூசணிக்காயைக் கொதிக்க வைப்பதற்குச் சமம். உள்ளே இரண்டு லிட்டர் எண்ணெய், பத்து கிலோ எஃகு என்றால், ஐந்து விநாடியில் வெப்பம் ஏறத்தாழ 60 டிகிரி ஏறும். எண்பதில் ஆரம்பித்தால் நூற்று நாற்பது. பத்து விநாடி ‘கொஞ்சம் நல்லா பாத்துடலாம்’ என்று மிதித்தவர், நன்றாக இருந்த கன்வெர்ட்டரைத் தன் காலாலேயே கெடுத்திருப்பார். புதிய கார்களில் பிரேக் மிதித்திருந்தால் கம்ப்யூட்டரே ஆக்ஸிலேட்டரை அடக்கிவிடுகிறது. அதற்குப் பதில், என்ஜினும் டர்பைனும் எத்தனை சுற்று வித்தியாசத்தில் ஓடுகின்றன என்பதை ஸ்கேனர் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம். லாக்-அப் பிடித்தபிறகும் அந்த வித்தியாசம் குறையாமல் ஊசலாடினால் விஷயம் புரிந்துவிடும். பி-0741 என்ற பிழைக் குறியீடு வருவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

லாக்-அப் தேய்வதை ஓட்டுகிறவரும் உணரலாம். ஐம்பதிலிருந்து எண்பது கிலோமீட்டர் வேகத்துக்குள், லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் போகையில், சாலையில் பதித்த தடதடப்புக் கோடுகள்மேல் ஏறியதுபோல் வண்டி ஒரு நடுக்கம் நடுங்கி அடங்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிஜமாகவே அப்படிக் கோடுகள் இருப்பதால் பலர் பல மாதம் சாலையைத்தான் திட்டுகிறார்கள். பட்டறையில் நடக்கும் பேச்சு இந்த மாதிரி இருக்கும்:

“அண்ணே, அறுபதுல வண்டி உதறுது. வீல் அவுட் அடிக்குதா பாருங்க.”

“பிரேக்கை லேசா தொட்டா உதறல் நிக்குதா தம்பி?”

“ஆமாண்ணே, டக்குனு நிக்குது.”

“அப்ப வீல் இல்லப்பா. உள்ள இருக்கு.”

பிரேக்கைத் தொட்டதும் கம்ப்யூட்டர் லாக்-அப்பை விடுவிக்கிறது, நடுக்கம் நிற்கிறது. சக்கரக் கோளாறு பிரேக்குக்கு அப்படிப் பணியாது. பைசா செலவில்லாத சோதனை, இருந்தும் வீல் அலைன்மென்ட் கடையில் வரிசை குறையவில்லை.

இந்த இடத்தில் புதுக்கார்களின் விசேஷம் ஒன்று. ஜெட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டி 2009-இல் பிஎம்டபிள்யூவின் பெரிய காரில் அறிமுகமானது. அந்தத் தலைமுறைப் பெட்டிகளில் வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே லாக்-அப் வேலைக்கு வந்துவிடும். முழுக்கக் கவ்வாமல், சில பத்து சுற்றுகள் வழுக்கவிட்டே என்ஜின் அதிர்வை விழுங்கும். எரிபொருள் மிச்சம், பயணம் பட்டுப்போல. விலை என்னவென்றால், லாக்-அப் கிளட்சின் காகிதம் போன்ற மெல்லிய லைனிங் நாள் முழுக்க உரசிக்கொண்டே இருக்கிறது. அது உதிர்க்கும் தூள் எண்ணெயில்தான் கலக்க வேண்டும். ‘வாழ்நாள் எண்ணெய், மாற்ற வேண்டாம்’ என்று கார் விற்பவர்கள் சொல்லலாம். கியர்பாக்ஸைச் செய்யும் ஜெட்எஃப் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், இல்லாவிட்டால் எட்டு வருடத்தில், மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைக் கேட்பதா, விற்றவன் பேச்சைக் கேட்பதா என்பதில் பெரிய யோசனை தேவையில்லை.

இதோடு ‘ரீமேப்’ மோகம் சேர்ந்தால் கதை வேகமெடுக்கும். கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி முறுக்குவிசையை இருபத்தைந்து, முப்பது சதவீதம் ஏற்றுகிறார்கள். என்ஜின் தாங்குகிறது, பேஸ்புக்கில் வீடியோ ஏறுகிறது. லாக்-அப் லைனிங்கின் பரப்பளவை யாரும் ஏற்றவில்லையே! அது வழுக்கும், சூடாகும், மூடியில் நீலப் புள்ளிகள் விழும், கருந்தூள் கியர்பாக்ஸின் வால்வுகளுக்குள் போய் உட்காரும். வெட்டிப் பார்த்தால் லைனிங் இருந்த இடத்தில் பளபளக்கும் இரும்பு. அப்போதும் பழி கன்வெர்ட்டர் மேல்தான் விழும்.

அமெரிக்க டிராக் பந்தயக்காரர்கள் அஞ்சும் இன்னொரு மரணம் ‘பலூனிங்’. பெட்டி உள்ளே எண்ணெய் அழுத்தத்தில் இருக்கிறது. 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள சுவரில் 5 பார் அழுத்தம் என்று வைத்தாலே இரண்டு ஓடுகளையும் பிரிக்கப் பார்க்கும் விசை மூன்று டன். சுற்று வேகம் ஏறினால் எண்ணெய் வெளிவிளிம்புக்கு ஓடி இன்னும் தள்ளும். மெல்லிய ஓடு பூரிபோல் உப்பும். உப்பிய பெட்டி ஒரு பக்கம் கிராங்க்கை முன்னே தள்ளி அதன் த்ரஸ்ட் பேரிங்கைத் தின்னும், மறுபக்கம் கியர்பாக்ஸ் பம்பை நசுக்கும். அதனால்தான் உசத்தியான பந்தயப் பெட்டிகளில் முன்மூடியைத் தடித்த எஃகுக் கட்டியிலிருந்து கடைந்து எடுக்கிறார்கள், பின்பக்கத்தில் உப்பலைத் தடுக்கும் தட்டு வைக்கிறார்கள். கோவளம் சாலையில் ஓடும் காருக்கு இதெல்லாம் தேவையா என்றால், தேவையில்லை. என்ஜின் சுற்றை இரண்டு மடங்காக்காதவருக்குத் தடித்த மூடி வெறும் பாரம்.

நம் கடற்கரைக்கு வேறு கொலையாளிகள் இருக்கிறார்கள். ஒன்று உப்பு. கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிரவைக்கும் குழாய்கள் பல வண்டிகளில் ரேடியேட்டருக்குப் பக்கத்தில், சில வண்டிகளில் ரேடியேட்டருக்கு உள்ளேயே ஓடுகின்றன. வெளிக்குழாய் துருப்பிடித்துக் கசிந்தால் எண்ணெய் குறையும், குறைந்த எண்ணெய் சூடாகும். உள்குழாய் உடைந்தால் இன்னும் மோசம். கூலன்ட்டும் எண்ணெயும் கலந்து, வடித்தெடுத்தால் ரோஸ் மில்க் மாதிரி இறங்கும். லைனிங்கை இரும்போடு பிடித்து வைத்திருப்பது வெறும் பசை. தண்ணீரும் கூலன்ட்டில் இருக்கும் கிளைகாலும் அந்தப் பசையை இளக்கிவிடும்.

இரண்டாவது, வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற ஆட்டோமேட்டிக் கார்களை எண்ணி மாளாது. கியர்பாக்ஸுக்கு மூச்சுவிட ஒரு சின்னக் குழாய் உண்டு. சூடாக ஓடிவந்த பெட்டி வெள்ளத்தில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கும், குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு சர்வீஸில் எண்ணெய் மாற்றுகிறார்கள், பில்லும் கொடுக்கிறார்கள். அடியிலிருக்கும் தட்டைக் கழற்றினால் மொத்த எண்ணெயில் பாதி வந்தால் அதிகம். மிச்சம் கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் நிற்கும். பெரும்பாலான கன்வெர்ட்டர்களுக்கு வடிகால் போல்ட்டே கிடையாது. ஒரு வாரம் ஓடினால் புது எண்ணெயும் ரோஸ் மில்க். ஆறு மாதம் கழித்து அறுபதில் நடுக்கம் வரும்போது வெள்ளத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கு அந்தக் கதையே தெரியாது.

மூன்றாவது கொலையாளி வெயிலும் நெரிசலும். பழைய மகாபலிபுரம் சாலையில், அதாவது ஓ.எம்.ஆரில், சோழிங்கநல்லூர் சிக்னலில் டி-யில் போட்டு பிரேக்கை அழுத்தி நிற்பது ஒரு குட்டி ஸ்டால். என்ஜின் ஐட்லிங்கில் இருப்பதால் சூடு குறைவு, ஆனால் நேரம் நீளம், எதிர்க்காற்றும் இல்லை. எண்ணெயின் வெப்பம் அளவுக்குமேல் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடும் ஒவ்வொரு முறையும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது துறையில் சொல்லும் உத்தேசக் கணக்கு. தினம் இரண்டு மணி நேரம் சிக்னலில் நிற்பவரின் எண்ணெயும், ஞாயிறு காலை மட்டும் கோவளம் போய்வருபவரின் எண்ணெயும் ஒரே கிலோமீட்டரில் ஒரே வயதில் இருக்காது.

போன கன்வெர்ட்டருக்கு என்ன வழி? புதிது விலை கேட்டால் மயக்கம் வரும். புதுப்பேட்டையில் உடைத்த காரிலிருந்து எடுத்ததை வாங்கலாம், ஆனால் உள்ளே என்ன தூள் குடியிருக்கிறது என்று அதை விற்பவருக்கும் தெரியாது. நடுவழி, வெட்டிச் சரிசெய்வது. லேத்தில் பிடித்துப் பற்றவைப்புக் கோட்டை மட்டும் கடைந்து எடுத்தால் ஓடு இரண்டாகப் பிரியும். கழுவி, லைனிங், பேரிங், சீல், ஸ்டேட்டர் கிளட்ச் மாற்றி, உள் இடைவெளியை அளந்து வைத்து, மறுபடி பற்றவைத்து, காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா பார்த்து, கடைசியில் பேலன்ஸ் செய்ய வேண்டும். கேட்க எளிது. இதில் பட்டறைக்குப் பட்டறை வித்தியாசப்படுவது கடைசி மூன்று வேலைகள். பற்றவைக்கும் சூட்டில் ஓடு இழுத்துக்கொள்ளும். பிறகு டயல் கேஜை வைத்துக் கழுத்து எவ்வளவு ‘அவுட்’ அடிக்கிறது என்று பார்க்காவிட்டால், பெட்டி மாட்டிய சில ஆயிரம் கிலோமீட்டரில் முன் ஆயில் சீல் ஒழுகும், பம்பின் புஷ் தேயும். சீல் மட்டும் மாற்றி மாற்றி அலுத்தவர்களின் நோய் இதுதான்.

நல்ல பட்டறையை அறிய ஒரு வழி, வெட்டிய பழைய உறுப்புகளைக் கேட்டுப் பார்ப்பது. லைனிங் ஓரமாகத் தேய்ந்ததா, ஒரே சீராகவா. எண்ணெயில் மின்னுவது வெண்கலத் தூளா, அப்படியென்றால் வாஷர் போயிருக்கிறது. செதில் செதிலான எஃகா, அப்படியென்றால் பேரிங். டர்பைன் நடுவில் பல் சிதைந்திருந்தால் வண்டியை முரட்டுத்தனமாக ஓட்டியிருக்கிறார்கள். கூலரையும் கழுவினீர்களா, மாற்றினீர்களா என்பது அடுத்த கேள்வி. பழைய தூள் கூலருக்குள் பதுங்கியிருந்து புதுக் கன்வெர்ட்டருக்குள் இறங்குவது அடிக்கடி நடப்பது. “அதெல்லாம் வேணாம் சார், வேஸ்ட்” என்று பதில் வந்தால் காரோடு கிளம்பிவிடலாம்.

எல்லாம் சரியாகச் செய்த பெட்டியும் மாட்டும்போது சாவதுண்டு. கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ் தண்டின்மேல் உட்கார மூன்று படி இறங்க வேண்டும்: டர்பைன் பல், ஸ்டேட்டர் பல், கடைசியில் பம்பின் நாக்கு. மூன்றாம் படி இறங்காமலே கியர்பாக்ஸைத் தூக்கி என்ஜினோடு சேர்த்து போல்ட்டால் இழுத்து முறுக்கினால், உள்ளே பம்பு உடையும். முதல் ஸ்டார்ட்டிலேயே கதை முடிந்தது. அனுபவமுள்ளவர் கையால் பெட்டியை ஆட்டி ஆட்டித் திருப்பி மூன்று ‘டொக்’ எண்ணுவார். பிறகு கியர்பாக்ஸை என்ஜினோடு ஒட்டவைத்து, கன்வெர்ட்டருக்கும், என்ஜின் பக்கத் தட்டான ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் சந்து இருக்கிறதா என்று விரலால் தடவுவார். சந்து இருந்தால் கன்வெர்ட்டரை முன்னே இழுத்து போல்ட் போடலாம். சந்து இல்லாமல் அது ஏற்கெனவே இறுகி நின்றால், ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணி, சாப்பாடு ஆறுகிறது, காரின் சொந்தக்காரர் மூன்றாவது முறை போன் செய்கிறார். அந்த நேரத்திலும் மறுபடி இறக்குகிறவர் கையில்தான் வண்டியைக் கொடுக்க வேண்டும்.